கேளுங்க சொல்றோம்: ஓட்டல் வாங்க கடன் கிடைக்குது, யூத் கிளப்புக்கு ஏன் கிடைக்கல?

இந்த மாசம் வந்த கேள்வியில பாதி இங்கிலாந்துல இருக்கற நம்மாளுங்க அனுப்பினது, இல்லன்னா இங்க இருக்கற அவங்க அப்பா அம்மா அனுப்பினது. எல்லாமே கவுன்சில், அதாவது அந்த ஊர் உள்ளாட்சி அமைப்பு, அதோட கடனை சுத்தித்தான். அதனால சினிமா கேள்விக்கெல்லாம் இந்த இதழ்ல லீவு, கோவிச்சுக்காதீங்க.

என் பொண்ணு பர்மிங்காம்ல இருக்கா. அவ ஊர் கவுன்சில் திவாலாயிடுச்சுன்னு 2023ல இருந்து சொல்லிட்டே இருக்கா, ஆனா வரி மட்டும் கரெக்டா வாங்கிடறாங்களாம். ஒரு மாநகராட்சி எப்படிங்க திவாலாகும்? இழுத்து மூடிடுவாங்களா? – வாசகர், கோவை

சட்டப்படி அங்க ஒரு கவுன்சில் திவாலாகவே முடியாதுங்க, கடன் குடுத்தவன் வந்து டவுன் ஹாலை ஜப்தி பண்ணிட்டுப் போக வழியே இல்ல. 1988 உள்ளாட்சி நிதிச் சட்டத்துல 114ன்னு ஒரு பிரிவு இருக்கு. இந்த வருஷ செலவுக்கு வரவு பத்தாதுன்னு தெரிஞ்சா கவுன்சிலோட நிதி அதிகாரி, ஆளுங்கட்சிக்கு பிடிச்சாலும் பிடிக்காட்டியும், ஒரு நோட்டீஸ் போட்டே ஆகணும், 21 நாளுக்குள்ள மொத்த கவுன்சிலும் கூடிப் பேசியாகணும், அதுவரைக்கும் புது செலவு எதுவும் கிடையாது. பர்மிங்காம் இதை போட்டது 2023 செப்டம்பர் 5. பெண் ஊழியர்களுக்கு பல வருஷமா சம சம்பளம் குடுக்காம விட்ட பாக்கி அப்போதைய கணக்குல 65 கோடியில இருந்து 76 கோடி பவுண்டு வரைக்கும் நின்னுச்சு, அது போக ஆரக்கிள் சாஃப்ட்வேர் ஒண்ணை 1.9 கோடி பவுண்டுல முடிக்கறோம்னு ஆரம்பிச்சு அது 10 கோடி பக்கம் போயிடுச்சு.

உங்களுக்கு ஒண்ணு சொல்லியாகணும், நம்ம ஊர் மாநகராட்சின்னா குப்பை, தண்ணி, ரோடு, தெருவிளக்கு. அங்க பெரிய கவுன்சிலோட பணத்துல பெரும்பங்கு வயசானவங்க, மாற்றுத்திறனாளிங்க பராமரிப்புக்கும் பிள்ளைங்க பாதுகாப்புக்கும் போகுது. அதனால கவுன்சில் கையை சுருக்கினா முதல்ல அடி விழறது ரோட்டு மேல இல்ல, வீட்டுக்குள்ள.

இங்க பிரச்சினை என்னன்னா நோட்டீஸ் போட்டதுக்கப்புறம் சட்டம் கட்டாயம்னு சொன்ன வேலைக்கு மட்டும்தான் காசு உண்டு. ஒரு குழந்தை ஆபத்துல இருக்குன்னு தெரிஞ்சா 1989 குழந்தைகள் சட்டப்படி தலையிட்டே ஆகணும், அது கட்டாயம். அந்த வீட்டுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே ஒரு ஆளை அனுப்பி, அம்மாவோட மன அழுத்தத்தை பாத்து, அப்பாவோட குடிக்கு வழி சொல்லி, நிலைமை அந்த அளவுக்கு போகாம தடுக்கறது பெரும்பாலும் கவுன்சில் விருப்பம். கட்டாயம் இல்லாத வேலையைத்தான் முதல்ல வெட்டுவாங்க, வெட்டினா கட்டாய வேலை ஏறும், அது ஏறினா மறுபடி கட்டாயம் இல்லாததை வெட்டணும். இப்படியே சுத்துது.

எங்க ஏரியாவுல சின்னப் பிள்ளைங்களும் பெத்தவங்களும் போற சில்ட்ரன்ஸ் சென்டரை மூடிட்டாங்க, பக்கத்துல யூத் கிளப்பும் போயிடுச்சு. கேட்டா கடன்னு சொல்றாங்க. ஆனா இந்த கவுன்சில்கள் எல்லாம் ஷாப்பிங் சென்டர், ஓட்டல்னு வாங்கிப் போட்டதை நாங்களும் பேப்பர்ல பாத்தோம். அதுக்கு மட்டும் எங்க இருந்து வந்துச்சு காசு? – வாசகி, தென் லண்டன்

இந்த இதழ்ல வந்ததுலயே நல்ல கேள்வி இதுதான், பதில் நீளமா இருக்கும், பொறுமையா படிங்க.

கவுன்சில் கணக்குல ரெண்டு டப்பா இருக்கு. ஒண்ணு மூலதனச் செலவு, அதாவது கட்டடம், நிலம், ரோடு. இன்னொண்ணு நடப்புச் செலவு, அதாவது சம்பளம், வாடகை, கரண்ட் பில். கடன் வாங்கறது முதல் டப்பாவுக்கு மட்டும்தான், ரெண்டாவதுக்கு வாங்கக் கூடாது, அந்தந்த வருஷ வரவுக்குள்ளயே முடிக்கணும். யூத் வொர்க்கர்னா சம்பளம், ஹெல்த் விசிட்டர்னா (வீட்டுக்கு வந்து குழந்தையை பாக்கற நர்ஸ்) சம்பளம், பேச்சுப் பயிற்சி குடுக்கறவங்கன்னா சம்பளம், தடுப்பு வேலையில கட்டடம் கொஞ்சம், ஆளுதான் ஜாஸ்தி. ஆக முப்பது வருஷம் பலன் தரப்போற ஒரு குழந்தை மேல போடற காசு கணக்குப் புத்தகத்துல இந்த வருஷ செலவு, அஞ்சே வருஷத்துல மதிப்பு பாதியாகற ஷாப்பிங் சென்டர் சொத்து. எனக்கு இந்த கணக்கே கோணலா படுது, ஆனா விதி அதுதான்.

2010க்கு அப்புறம் மத்திய அரசு மானியத்தை வருஷா வருஷம் வெட்ட ஆரம்பிச்சாங்க, அதே நேரத்துல 1793ல இருந்து வர்ற பப்ளிக் வொர்க்ஸ் லோன் போர்டு மூலமா கவுன்சிலுக்கு ரொம்ப கம்மி வட்டிக்கு கடன் கிடைச்சுது, உடனே நிறைய கவுன்சிலுக்கு ஒரே ஐடியா வந்துச்சு, கம்மி வட்டிக்கு வாங்கி சொத்துல போடுவோம், வர்ற வாடகையில நூலகத்தையும் யூத் கிளப்பையும் காப்பாத்துவோம்னு. 2016-17ல இருந்து மூணே வருஷத்துல 660 கோடி பவுண்டுக்கு வணிகச் சொத்து வாங்கியிருக்காங்க. எல்லாரும் பேராசையில பண்ணாங்கன்னு சொல்ல மாட்டேன், நல்ல எண்ணத்துல பண்ணவங்களும் உண்டு.

ஆனா வோக்கிங்கை பாருங்க. ஒரு லட்சம் பேர் இருக்கற ஊரு, வருஷத்துக்கு முக்கிய நிதியா கைக்கு வர்றது 1.6 கோடி பவுண்டு, அந்த ஊரு விக்டோரியா ஸ்கொயர்னு டவர், ஓட்டல், கடைன்னு கட்டி 2023 ஜூன்ல நோட்டீஸ் போட்டப்ப கடன் 260 கோடி பவுண்டு வரைக்கும் ஏறும்னு சொன்னாங்க. கவனிங்க, 1.6 எங்க, 260 எங்க. தரோக் கவுன்சில் சோலார் முதலீட்டுல மாட்டி 2022 டிசம்பர்ல நோட்டீஸ் போட்டு விழுந்துச்சு. குரோய்டன் 2018ல கிட்டத்தட்ட 3 கோடி பவுண்டுக்கு ஒரு ஓட்டலை வாங்கிச்சு, 2020ல ஓட்டல் நடத்தினவங்க நொடிச்சாங்க, அதே வருஷம் நவம்பர்ல கவுன்சிலும் நோட்டீஸ் போட்டுச்சு, அப்புறம் அந்த ஓட்டலை வாங்கினதை விட கம்மி விலைக்கு வித்தாங்க. 2020 கடைசியிலதான் கருவூலம் (அங்க நிதி அமைச்சகம்) முழிச்சு லாபத்துக்காக சொத்து வாங்கறவங்களுக்கு இந்த போர்டுல கடன் கிடையாதுன்னு விதியை மாத்துச்சு.

இப்ப உங்க சில்ட்ரன்ஸ் சென்டருக்கு வருவோம். வாங்கின கடனுக்கு வட்டி போக, அசலை அடைக்கவும் வருஷா வருஷம் ஒரு தொகையை நடப்புச் செலவுல இருந்தே எடுத்து வைக்கணும். வட்டியை நிறுத்த முடியாது, அசல் ஒதுக்கீட்டை நிறுத்த முடியாது (சில கவுன்சில் இதை பல வருஷம் கம்மியா ஒதுக்கி ஏமாத்திக்கிட்டதும் நடந்திருக்கு), கட்டாய சேவையை நிறுத்த முடியாது. அப்ப நிறுத்தறதுக்கு என்ன மிச்சம்? நீங்க குழந்தையை தூக்கிட்டுப் போன அந்த சென்டர்தான்.

இதுல உச்சகட்ட கூத்து என்னன்னா, கவுன்சில் விழுந்ததுக்கப்புறம், இல்ல விழப்போறேன்னு சொன்னதுக்கப்புறம், அரசு ஒரு விதிவிலக்கு குடுக்குது, நடப்புச் செலவுக்கும் கடன் வாங்கிக்கோ, சொத்தை வித்து போட்டுக்கோன்னு. 2025-26க்கு மட்டும் 30 கவுன்சிலுக்கு இப்படி அனுமதி. ஆக சம்பளத்துக்கு கடன் வாங்கக் கூடாதுங்கறது வேதவாக்கு இல்ல, வாங்கலாம், ஆனா தடுக்கற காலத்துல வாங்கக் கூடாது, எல்லாம் கெட்டுப்போனதுக்கப்புறம் பள்ளத்தை மூட வாங்கலாம். ஓடு மாத்த காசு தர மாட்டாங்க, கூரை இடிஞ்சா வாளி வாங்க லோன் தருவாங்க. 2016ல இருந்து இன்னொரு சின்ன கதவும் திறந்திருக்கு, சொத்து வித்த காசை பின்னால செலவு குறைக்கற திட்டத்துக்கு செலவழிக்கலாம். அதுல தடுப்பு வேலையும் பண்ணலாம்தான். நிறைய இடத்துல அது ஆட்குறைப்பு பணத்துக்கும் கன்சல்டன்டுக்கும் போயிடுது.

வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்லி நோட்டீஸ் குடுத்துட்டார். ரெண்டு மாச வாடகை பாக்கி. கவுன்சில்ல போய் கேட்டா கோர்ட்டு ஆளுங்க வந்து வெளிய தள்ற வரைக்கும் அங்கயே இருங்க, அப்புறம் வாங்கன்னு சொல்றாங்க. ரெண்டு பிள்ளைங்க இருக்கு. இது நியாயமா? – வாசகர், மிட்லண்ட்ஸ்

நியாயமும் இல்ல, சட்டமும் அப்படி சொல்லல. 2017ல போட்ட வீடற்றோர் தடுப்புச் சட்டம் 2018 ஏப்ரல்ல இருந்து அமல்ல இருக்கு, 56 நாளுக்குள்ள வீடு போகற நிலைமைன்னா அப்பவே உங்க கேஸை எடுத்து, தடுக்க என்ன வழின்னு உங்களோட உக்காந்து எழுத்துல ஒரு பிளான் போடணும். பெய்லிஃப், அதாவது அந்த கோர்ட்டு ஆளுங்க, வர்ற வரைக்கும் இருக்கச் சொல்றது சரியில்லன்னு அரசோட வழிகாட்டி புத்தகத்துலயே இருக்கு. அதனால வாயால சொன்னதை ஏத்துக்காதீங்க, ஈமெயில்ல கேளுங்க, முடிவை எழுத்துல குடுங்கன்னு சொல்லுங்க, ஷெல்டர், சிட்டிசன்ஸ் அட்வைஸ்னு இலவசமா ஆலோசனை சொல்ற அமைப்பு இருக்கு, ரெண்டுல ஒண்ணுக்கு இன்னைக்கே போன் போடுங்க. கோர்ட்டு செலவும் உங்க தலையில ஏறும், தள்ளிப்போடாதீங்க.

ஏன் அப்படி சொல்றாங்கன்னா கவுன்சில் உங்களை வீடில்லாதவங்கன்னு ஏத்துக்கிட்ட அன்னைக்கு ராத்திரியே தங்க இடம் குடுத்தாகணும், இடம் இல்ல. இருக்கறது நைட்டுக்கு இவ்வளவுன்னு வாங்கற ஓட்டல் ரூமும் தனியார் ஃபிளாட்டும். அதுக்கு கவுன்சில் குடுக்கற வாடகையில மத்திய அரசு திருப்பித் தர்ற தொகைக்கு ஒரு உச்சவரம்பு இருக்கு, அது 2011 ஜனவரி வாடகை அளவோட 90 சதவீதத்துல அப்படியே நிக்குது. 2011ல லண்டன் வாடகை என்ன, இப்ப என்னன்னு நான் சொல்ல வேண்டாம். நடுவுல இருக்கற பள்ளம் முழுக்க கவுன்சில் கையில இருந்து.

ஒரு கணக்கு போட்டு பாப்போம், எண்ணெல்லாம் உதாரணத்துக்குத்தான். உங்க பாக்கி 2,500 பவுண்டுன்னு வைங்க. கவுன்சில் அதை கட்டி, வீட்டுக்காரர்கிட்ட பேசி, இன்னும் ஒரு வருஷம் இருக்க விட்டா செலவு அதோட முடிஞ்சுது. விடலன்னா நைட்டுக்கு 90 பவுண்டு ரூம், ஆறு மாசம்னா 180 ராத்திரி, 16,200 பவுண்டு. அதுவும் ஒரே ரூம்ல நாலு பேர், அடுப்பு கிடையாது, பிள்ளைங்க ஸ்கூல் ரெண்டு பஸ் தூரத்துல. இதை ஒரு குடும்பம்னு நினைக்காதீங்க, 2025 மார்ச்ல இங்கிலாந்து முழுக்க தற்காலிக இடத்துல இருந்தது 1,31,000 குடும்பத்துக்கு மேல, 2024-25ல கவுன்சில்கள் இதுக்கு செலவழிச்சது கிட்டத்தட்ட 280 கோடி பவுண்டு.

அந்த 2,500ஐ ஏன் கட்ட மாட்டேங்கறாங்கன்னா, பாக்கி கட்டற பட்ஜெட் சின்னது, அதுக்கு உச்சவரம்பு உண்டு, தீர்ந்தா தீர்ந்ததுதான். ஓட்டல் பட்ஜெட் கட்டாயச் செலவு, எவ்வளவு தாண்டினாலும் நிறுத்த முடியாது. 2025-26ல அரசு வீடற்றோர் மானியத்துல 49 சதவீதத்தை தற்காலிக தங்குமிடத்துக்கு தொடாம தடுப்பு, நிவாரண வேலைக்கும் ஊழியர் சம்பளத்துக்கும் ஒதுக்கணும்னு கோடு கிழிச்சாங்க. நல்ல முடிவு. அந்த கோடு போட்டதும் ஓட்டல் பில்லுக்கு காசு எங்கன்னு கவுன்சில்கள் கத்தினதும் நிஜம்தான், ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு.

என் மூணு வயசு பையன் இன்னும் பேசல. ஸ்பீச் தெரபிக்கு வெயிட்டிங் லிஸ்ட் ரொம்ப நீளம். எல்லாரும் ஈஎச்சிபி (பிள்ளைக்கு என்னென்ன கல்வி, உடல்நல, பராமரிப்பு உதவி தரணும்னு கவுன்சில் எழுதித் தர்ற பிளான்) போடு, அப்பதான் எதுவும் கிடைக்கும்ங்கறாங்க. முதல்லயே அவ்வளவு பெரிசா போகணுமா? – வாசகி, வடமேற்கு லண்டன்

போடுங்கம்மா, யோசிக்காதீங்க. அந்த பிளானுக்கான மதிப்பீட்டை நீங்களே நேரடியா கவுன்சில்கிட்ட கேக்கலாம், ஸ்கூலோ டாக்டரோ எழுதணும்னு அவசியமில்ல, ஆறு வாரத்துல மதிப்பீடு பண்ணுவோமா மாட்டோமான்னு பதில் சொல்லணும், பண்ணா மொத்தம் இருபது வாரத்துல பிளான் வரணும் (பல இடத்துல இழுக்கறாங்க, அது வேற கதை). கூடவே ஹெல்த் விசிட்டரை விடாதீங்க, வீட்டுல தமிழ்ல பேசறதையும் நிறுத்தாதீங்க, தமிழ் பேசறதாலதான் பேச்சு தள்ளிப்போச்சுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

உங்க கடைசி வரிக்கு பதில், முதல்லயே அவ்வளவு பெரிசா போகக்கூடாதுதான். ஒரு தெரபிஸ்ட் நர்சரிக்கு வாரம் ஒருதடவை வந்தாலே நிறைய பிள்ளைங்களுக்கு போதும். ஆனா அந்த சின்ன உதவிக்கு சட்டத்துல பிடி இல்ல, 2014 சட்டப்படி வந்த இந்த பிளானுக்கு மட்டும்தான் பிடி இருக்கு, அதனால சின்ன உதவி போதும்கற பெத்தவங்களும் பெரிய கதவைத்தான் தட்டறாங்க, தட்டாம என்ன பண்ணுவாங்க. அந்த செலவுல வந்த பற்றாக்குறையை கவுன்சில் தன் கணக்குல காட்டாம தனியா ஒதுக்கி வைக்கலாம்னு ஒரு ஏற்பாடு இருக்கு, அதை 2028 மார்ச் வரைக்கும் நீட்டிச்சிருக்காங்க. அதாவது கடன் இருக்கு, ஆனா இருக்கற மாதிரி காட்டிக்க வேண்டாம்!

சமூகப்பணி படிக்கறேன். வருமுன் தடுத்தா செலவு மிச்சம்னு எல்லா புத்தகத்துலயும் இருக்கு. நிரூபணம் இருந்தும் ஏன் யாரும் பண்றதில்ல? – மாணவர், சென்னை

நிரூபணம் நிறைய இருக்கு தம்பி. ஷ்யூர் ஸ்டார்ட்டை எடுத்துக்கோ, 1999ல ஏழை ஏரியாவுல ஆரம்பிச்சு 2010 வாக்குல 3,500க்கு மேல சென்டர், ஒரே கூரைக்கு கீழ நர்சும் விளையாட்டும் அம்மாக்களுக்கு வேலை ஆலோசனையும். நிதி ஆய்வு நிறுவனமான ஐஎஃப்எஸ் வருஷக்கணக்கா அந்த பிள்ளைங்களை பின்தொடர்ந்து பாத்துச்சு, பதின்வயசுல ஆஸ்பத்திரி அட்மிஷன் குறைஞ்சிருக்கு, ஏழைப் பிள்ளைங்க ஜிசிஎஸ்இ (நம்ம பத்தாவது மாதிரி பரீட்சை) மார்க் ஏறியிருக்கு, 2025ல வந்த மொத்த கணக்குல போட்ட ஒரு பவுண்டுக்கு ரெண்டு பவுண்டு பலன்.

அந்த ரெண்டு பவுண்டு யார் பாக்கெட்டுக்கு போச்சு, எப்ப போச்சுன்னு பாரு. அட்மிஷன் குறைஞ்சா லாபம் என்எச்எஸ்ங்கற அரசு மருத்துவ சேவைக்கு. பையன் படிச்சு வேலைக்கு போனா வரி கருவூலத்துக்கு. சென்டர் நடத்தின கவுன்சிலுக்கு வந்தது கொஞ்சம், அதுவும் பதினஞ்சு வருஷம் கழிச்சு. நடுவுல தேர்தல் மூணு நாலு, நிதி அதிகாரி அதுக்குள்ள ரிட்டயர். 2011ல அந்த பணத்தை வேற எதுக்கும் எடுக்கக் கூடாதுன்னு போட்டிருந்த வேலியை எடுத்தாங்க, மூடின சென்டர் ஆயிரத்துக்கு மேல. இன்னொரு பக்கம், பராமரிப்புக்கு எடுத்த ஒரு பிள்ளையை தனியார் இல்லத்துல வெச்சா வருஷத்துக்கு சராசரி 3 லட்சம் பவுண்டுக்கு மேல ஆகுது. ஒரே ஒரு பிள்ளைக்கு. அந்த காசுல எத்தனை குடும்ப ஊழியர் வெக்கலாம்னு நீயே போட்டுப் பாரு. ஆனா அந்த பிள்ளை இன்னைக்கு வாசல்ல நிக்குது, நாளைக்கு வராம போகப்போற பிள்ளை பட்ஜெட் மீட்டிங்குக்கு வராது.

தனியார் முதல்ல பணம் போடட்டும், பலன் வந்தா அரசு திருப்பித் தரட்டும்னு சோஷியல் இம்பாக்ட் பாண்டு வந்துச்சு, எஸ்ஸெக்ஸ் கவுன்சில் 2012 வாக்குல பராமரிப்புக்கு போற விளிம்புல இருந்த பிள்ளைங்களுக்கு அதை பண்ணுச்சு. என் அபிப்பிராயம், கடன்ல கிடக்கற கவுன்சிலுக்கு முதல் பணத்தை வேற யாரோ போடறாங்கங்கறது பெரிய விஷயம், ஆனா வக்கீல், ஆடிட்டர், அளக்கறவங்கன்னு செலவு தின்னுடும், சின்ன அளவுலதான் ஓடும்.

எந்த கவுன்சிலாவது உருப்படியா பண்ணுதா? – வாசகர், இலங்கை

லீட்ஸ். 2010 வாக்குல பள்ளிக்கூடம், குழந்தைகள் சேவையை சோதனை பண்ற ஆஃப்ஸ்டெட்கிட்ட மோசமான பேர் வாங்கின ஊரு, 2018ல அதே ஆஃப்ஸ்டெட் அவுட்ஸ்டாண்டிங்னு சொல்லுச்சு. அவங்க எடுத்த ஒரு வழி, பிள்ளையை பிரிக்கறதுக்கு முன்னாடி தாத்தா, பாட்டி, சித்தி, மாமான்னு மொத்த குடும்பத்தையும் கூட்டி, நீங்களே ஒரு திட்டம் போடுங்கன்னு விடறது, இது நியூசிலாந்து 1989 சட்டத்துல இருந்து வந்த முறை. நாடு முழுக்க பராமரிப்புல பிள்ளைங்க எண்ணிக்கை ஏறிட்டிருந்த வருஷங்கள்ல அங்க இறங்குச்சு. ஆனா அதுக்கு மத்திய கல்வித்துறை தனியா பணம் குடுத்துச்சுங்கறதை மறக்கக்கூடாது.

வேலி போட்ட பணம் என்ன ஆகும், வேலி எடுத்தா என்ன ஆகும்ங்கறதுக்கு சப்போர்டிங் பீப்பிள்னு ஒரு திட்டமே சாட்சி. 2003ல 180 கோடி பவுண்டோட ஆரம்பிச்சாங்க, வயசானவங்க, வீட்டு வன்முறையில இருந்து வந்த பெண்கள், மனநல பிரச்சினை இருக்கறவங்க தனியா வாழ உதவி. 2009ல வேலியை எடுத்தாங்க, அடுத்த சில வருஷத்துல பல கவுன்சில்ல அது இருந்த தடமே இல்ல. டெமோஸ்னு ஒரு ஆய்வு அமைப்பு 2023ல இருந்து சொல்லிட்டு வர்றது, மூலதனம், நடப்புன்னு ரெண்டு டப்பா இருக்கறதுக்கு பதிலா தடுப்புச் செலவுன்னு மூணாவது டப்பா போட்டு, அதை எடுத்து வேற எதுக்கும் போட முடியாத மாதிரி பண்ணுங்கன்னு. எனக்கு இதுல சம்மதம். கடன்ல இருக்கற கவுன்சிலை நம்பி சும்மா பணம் குடுத்தா அது பள்ளத்துக்குத்தான் போகும், அவங்க மேல தப்பும் சொல்ல முடியாது.

கவுன்சில் டாக்ஸ் ஏத்திட்டே போறாங்க. ஏத்தற காசு இந்த மாதிரி நல்ல வேலைக்கு போகுதுன்னா சந்தோஷமா கட்டுவேன். போகுதா, எப்படி தெரிஞ்சுக்கறது? – வாசகி, பர்மிங்காம்

பெரும்பாலும் போகல. சாதாரணமா ஓட்டெடுப்பு இல்லாம 4.99 சதவீதம் வரைக்கும்தான் ஏத்தலாம், குரோய்டன் 2023ல சிறப்பு அனுமதி வாங்கி 15 ஏத்துச்சு, உங்க ஊர்ல 2024ல பத்து, 2025ல ஏழரை. அது பழைய பள்ளத்துக்கும் கட்டாயச் செலவுக்குமே சரியா போயிடும். 2025-26ல இருந்து மத்திய அரசு குழந்தைகள் தடுப்பு மானியம்னு 25 கோடி பவுண்டுக்கு மேல தனியா குடுக்க ஆரம்பிச்சிருக்கு, ஃபேமிலி ஹப்புக்கும் (குடும்பங்களுக்கு பல உதவி ஒரே இடத்துல கிடைக்கற சென்டர்) பணம் அறிவிச்சிருக்காங்க, அதுல உங்க ஊருக்கு எவ்வளவு வந்துச்சுன்னு கேளுங்க.

எப்படி தெரிஞ்சுக்கறதுன்னா, பட்ஜெட் ஓட்டுக்கு வர்றது பிப்ரவரி கடைசி, மார்ச் முதல் வாரம். அதுக்கு முன்னாடி மக்கள் கருத்து கேப்பாங்க. மேல இருக்கற பளபள சுருக்கத்தை விடுங்க, கீழ இணைப்புல சேமிப்பு பட்டியல்னு ஒரு டேபிள் இருக்கும், சர்வீஸ் ரீடிசைன், டிமாண்ட் மேனேஜ்மென்ட்னு ஏதாவது ஐட்டம் இருந்தா அங்கதான் சென்டர் மூடற விஷயம் ஒளிஞ்சிருக்கும். பக்கத்துலயே சமத்துவ பாதிப்பு அறிக்கைன்னு ஒரு லிங்க் இருக்கும், எத்தனை குடும்பம் பாதிக்கும்னு அதுல எழுதியிருப்பாங்க. உங்க வார்டு கவுன்சிலருக்கு ஒரே கேள்வி எழுதுங்க: பட்டியல்ல இருக்கற இந்த வெட்டால அடுத்த மூணு வருஷத்துல எந்த கட்டாயச் செலவு எவ்வளவு ஏறும்னு கணக்கு போட்டீங்களா, போட்டிருந்தா அதை அனுப்புங்க. பதில் வரலன்னா தகவல் சுதந்திரச் சட்டத்துல கேளுங்க, இருபது வேலை நாள்ல குடுக்கணும்.